சுண்ணக்கல் கடலில் ஜக்கப் றிக் சுகமாக நிற்குமா?

கேள்வி: கிளிநொச்சி மாணவன், 04.01.2025

அறிவியல்நகரில் குடிசார் பொறியியல் படிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு அடியில் முழுக்க மயோசீன் காலச் சுண்ணக்கல். அது பாக்கு நீரிணைக்கு அடியிலும் போகிறது. கடல் ஆழமும் குறைவு. அப்படியென்றால் எண்ணெய் தேடிக் கடலில் துளையிடும் ஜக்கப் றிக்குக்கு இதைவிட நல்ல அத்திவாரம் வேறெங்கே கிடைக்கும்? சேற்றுக் கடலில் முப்பது மீட்டர் காலைப் புதைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள், இங்கே வந்தால் கல்லின் மேல் காலை வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். நான் நினைப்பது சரியா?

பதில்: 04.01.2025, இரவு

சரியில்லை, தம்பி. கல் என்று கேட்டதும் நிம்மதிப்படுகிறவன் வீடு கட்டுகிறவன். றிக் கொண்டுபோகிறவனுக்கு அதே சொல்லைக் கேட்டால் வயிற்றில் புளி கரைக்கும். எனக்குச் சேறு தாருங்கள், நாற்பது மீட்டர் சேறு என்றாலும் பரவாயில்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

05.01.2025

விஷயம் தெரியாதவர்களும் வாசிக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால் கொஞ்சம் அடியிலிருந்து. ஜக்கப் என்பது பெரும்பாலும் மூன்று கால் உள்ள ஒரு மிதவை. இழுவைப் படகுகள் இழுத்து வரும்போது கால்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். இடம் வந்ததும் பற்சக்கரங்கள் சுற்றிக் கால்களை இறக்கும். கால் தரையைத் தொட்டபின், அதே சக்கரங்கள் மிதவையைக் கடலுக்கு மேலே தூக்கும். சட்டகக் கால், பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டு என்று இன்றைக்கு இருக்கிற உருவம் 1956 இல் அமெரிக்காவின் லெட்டூர்னோ கம்பனி கட்டிக்கொடுத்த ஸ்கோர்ப்பியன் என்ற றிக்கிலிருந்து வருகிறது. அதை வாங்கிய சபாட்டா கம்பனி, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மூத்த புஷ் நடத்தியது. நம் பக்கத்தில் என்றால் மும்பை ஹையில் 1974 இல் எண்ணெய் கண்ட சாகர் சாம்ராட்டும் ஜக்கப்தான்.

காலின் அடியில் ஸ்பட்கான் இருக்கும். நடுவில் கூர் வைத்த இரும்புப் பாதம், 10 முதல் 20 மீட்டர் விட்டம். இதுதான் அத்திவாரம், வேறொன்றும் இல்லை.

இப்போது நீங்கள் படிக்கிற அத்திவாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டடத்துக்கு முதலில் மண்ணைப் பார்க்கிறோம், பிறகு அந்த மண்ணுக்கு ஏற்ற அகலம், ஆழம், தேவைப்பட்டால் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழ இறக்கும் தூண். றிக்கின் பாதமோ சிங்கப்பூரிலோ வேறெங்கோ ஒரு கப்பல் பட்டறையில் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது. இந்த மாதம் களி, இன்னும் இரண்டு மாதத்தில் மணல், அடுத்த வருஷம் பவளப்பாறை. எங்கே போனாலும் அதே பாதம். ஆகவே யாரும் அத்திவாரத்தை வடிவமைப்பதில்லை. "இந்தப் பாதம் இந்த மண்ணில் எவ்வளவு புதையும், புதையும்போது ஏதாவது குழப்படி செய்யுமா" என்று ஊகிக்கிறோம், பிறகு அந்த இடத்திலேயே பாரம் ஏற்றிச் சோதிக்கிறோம். தலைப்பில் வடிவமைப்பு என்று போட்ட புத்தகங்களையும் இதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

05.01.2025, பிறகு

சோதிப்பது எப்படி என்று எழுத மறந்து போனேன். மிதவைக்குள் பெரிய தொட்டிகள் இருக்கின்றன. கால் ஊன்றியதும் கடல் தண்ணீரைப் பம்ப் பண்ணி அந்தத் தொட்டிகளை நிரப்புவார்கள். இதற்குப் பிறீலோட் என்று பெயர். இருக்கப்போகிற காலத்தில் வரக்கூடிய பெரும் புயல், வழக்கமாக ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது, ஒரு காலை எவ்வளவு அமுக்கும் என்று முதலே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அந்த அளவு பாரத்தை இன்றைக்கே, கடல் அமைதியாக இருக்கும்போதே, தண்ணீரால் ஏற்றிவிடுவது. கால் இறங்கும். இறங்கி முடிந்து சில மணி நேரம் அசையாமல் நின்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே தூக்கலாம். நாலு கால் றிக்குக்குத் தண்ணீரே தேவையில்லை, எதிரெதிர் இரண்டு காலில் மாறி மாறி நின்று பாரம் ஏற்றிக்கொள்ளும்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். புயலில் விழும் றிக்கை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். அத்திவாரம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் பெரும் பங்கு பிறீலோட் நேரத்தில், கண்ணாடி போன்ற கடலில், பகல் வெளிச்சத்தில் நடப்பவை. சோதனையே ஆளைக் கொல்லப் பார்க்கும்.

07.01.2025

"சேறு எப்படி நல்லது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு கணக்கு. எண்கள் வசதிக்காக நான் வைத்தவை, ஆனால் உலகத்தில் இல்லாத எண்கள் அல்ல.

பாதம் 14 மீட்டர் விட்டம், பரப்பு 154 சதுர மீட்டர். பிறீலோட்டில் ஒரு காலுக்கு 6000 தொன். அமுக்கம் ஏறக்குறைய 380 கிலோபாஸ்கல். களிக்குள் ஆழப் புதைந்த வட்டப் பாதத்துக்குத் தாங்குதிறன் என்பது களியின் வெட்டு வலிமையின் (களி வழுக்கி வெட்டுப்படாமல் தாங்கும் அளவின்) ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 42 கிலோபாஸ்கல் வலிமை உள்ள களி வரும்வரை கால் இறங்கும். மெக்சிக்கோ வளைகுடா மாதிரி இடத்தில் களியின் வலிமை மேலே ஒன்றுமில்லை, மீட்டருக்கு ஒன்றரை கிலோபாஸ்கல் வீதம் கூடிக்கொண்டு போகிறது என்றால், 28 மீட்டரில் கால் நிற்கும். (மண்ணின் மிதப்பையும் பாதத்தின் மேல் திரும்பி விழும் மண்ணையும் விட்டுவிட்டேன். பரீட்சையில் நீங்கள் விடாதீர்கள்.)

இருபத்தெட்டு மீட்டர் என்பது ஒன்பது மாடி வீட்டின் உயரம். அவ்வளவும் புதைவதில் எனக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு அடி கீழே போவதற்கும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏற்ற வேண்டும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். பாரத்தையும் ஆழத்தையும் கோடு போட்டால் கோடு மேலே மட்டும்தான் போகும். இப்படிப்பட்ட இடத்தில் றிக் ஊன்றும் இரவில் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

08.01.2025

இனித்தான் தம்பியின் கல்.

கோடையில் தொண்டைமானாற்றுக் களப்பு வற்றிக் கிடக்கும்போது இறங்கி நடந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மேலே உப்புப் பூத்து இறுகிய பாளம். ஆடு போகும், நாய் போகும், பொடியன்களும் ஓடுவார்கள். கொஞ்சம் கனத்த ஆள் காலை வைத்தால் பாளம் உடைந்து முழங்கால் வரை சேறு. விழுகிறவர் விழுவது சேறு இருப்பதால் அல்ல. முழுக்கச் சேறாக இருந்திருந்தால் முதல் அடியிலேயே சேருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பார்.

றிக்கில் இதற்குப் பஞ்ச்-துறூ என்று பெயர். அதே பாதத்தை எடுங்கள். மேலே 6 மீட்டர் இறுகிய மணல், கீழே 30 கிலோபாஸ்கல் களி. மணல் பாரத்தைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பிக் களிக்குக் கொடுக்கும். மூன்று மீட்டர் கீழே போனால் ஒரு மீட்டர் பக்கத்துக்கு விரியும் என்று வைத்தால், 14 மீட்டர் பாதம் களியைத் தொடும்போது 18 மீட்டர் பாதம் மாதிரி. பரப்பு 254. களியின் மேற்பரப்பில் ஒன்பதுக்குப் பதில் ஆறு மடங்குதான், ஆகவே 180 கிலோபாஸ்கல். பெருக்கினால் ஏறக்குறைய 4700 தொன்.

றிக்கின் சொந்த எடை ஒரு காலுக்கு 3800 தொன் என்று வையுங்கள். வந்து ஊன்றும், தூக்கும், ஆடாது அசையாது. எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். தண்ணீர் ஏற்றத் தொடங்கி 4700 ஐத் தாண்டும்போது பாளம் முறியும். முறிந்தபின் கீழே இருக்கிற களி ஒன்பது மடங்கு கொடுத்தாலும் 4200 தொன்தான் தாங்கும். மேலே இருக்கிறது 4700. வித்தியாசத்தைப் பிடிக்க அங்கே ஒருவரும் இல்லை. கோடு மேலே போய்ச் சட்டென்று கீழே மடிகிறது, அந்த மடிப்புத்தான் ஆளைத் தின்கிறது. ஒரு கால் மட்டும் சில மீட்டர் விழும், மற்ற இரண்டும் நின்ற இடத்தில் நிற்கும், மிதவை சாயும், விழாத கால்கள் மிதவைக்குள் நுழையும் இடத்தில் வளையும்.

08.01.2025, பிறகு

"சேருப்பை" அல்ல, செருப்பை. கைபேசியில் எழுதுகிறேன், சேறு சேறு என்று அடித்து அடித்து அதற்கும் பழகிவிட்டது.

11.01.2025

நேரில் பார்த்ததா என்று கேட்கிறார் ஒருவர். பார்த்தேன். தென்கிழக்காசியாவில், கம்பனி பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கடல்களில் இந்தப் பாளம் நிறைய. பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கியபோது அடித்தளம் வெயில் பட்டு இறுகி, பிறகு மறுபடி மூழ்கியது.

மண்ணைச் சோதிக்கும் மண் துளை ஒன்று இருந்தது, ஆனால் றிக் நிற்கப்போகிற இடத்திலிருந்து தள்ளி, முன்னைய வேறொரு கிணற்றுக்காகப் போட்டது. புதிதாக ஒன்று போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கப்பல் வாடகை, நாள் செலவு என்று பதில் வந்தது. துளையிடும் கப்பலுக்கு ஆகும் செலவு, றிக் சும்மா நிற்கிற சில நாள் வாடகைக்குச் சமம் என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு விளக்குவது கஷ்டம்.

பிறீலோட் முக்கால்வாசி தாண்டியபின் முன்கால் போனது. பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். முதலில் தெரிந்தது மேசையில் இருந்த பேனை உருண்டதுதான். அப்புறம்தான் இரும்பு முனகியது. எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு கட்டுப்பாடு: மிதவையைத் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டருக்கு மிஞ்சித் தூக்கவில்லை. கால் விழுந்ததும் மிதவையின் மூக்குக் கடலில் இறங்கிற்று, கடல் அதைத் தாங்கிக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை. இரண்டு கால்களில் குறுக்குச் சட்டங்கள் வளைந்து, றிக் பட்டறைக்குப் போனது. நான் கேட்ட மண் துளையின் செலவைவிட எத்தனை மடங்கு ஆகியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்றைக்குச் சமையல்காரர் கோழிக்கறி வைத்திருந்தார். சாய்ந்த தளத்தில் நின்றபடி எல்லோரும் சாப்பிட்டோம். உயிர் தப்பினவனுக்கு இருக்கிற பசி வேறு.

12.01.2025

"அது மணலும் களியும், நான் கேட்டது சுண்ணக்கல்" என்று தம்பி பிடிக்கிறார். நல்லது, பிடிக்கத்தான் வேண்டும்.

1996 நவம்பரில் தென் அவுஸ்திரேலியாவின் சென் வின்சென்ட் குடாவில் மேஸ்க் விக்ரறி என்ற ஜக்கப் ஊன்றியது. மேலே சுண்ணாம்பு சேர்ந்து இறுகிய கடினமான படை, அதன் கீழே மென்மையான மண். பிறீலோட் நேரத்தில் படை முறிந்தது, கால்கள் மோசமாகச் சேதமடைந்தன. உங்கள் கேள்விக்கு இதைவிடக் கிட்டிய பதில் என்னிடம் இல்லை.

அதே நாட்டின் வடமேற்கில், 1982 இல், நோர்த் றாங்கின் மேடைக்குப் பைல் இறக்கினார்கள். இது ஜக்கப் அல்ல, நிலையான மேடை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். சங்கு, சிப்பி, பவளத் துகள்களால் ஆன மணல் கையில் எடுத்தால் கரகரவென்று உறுதியாக இருக்கும். ஆய்வுகூடத்தில் மணலின் உறுதியைக் காட்டும் உராய்வுக் கோணம் அருமையாக வரும். அழுத்தினால் துகள்களே நொறுங்கிவிடுகின்றன, பைலைச் சுற்றிப் பிடிக்க வேண்டிய மண் பிடியை விட்டுவிடுகிறது. அங்கே பைல்கள் அடிக்காமலே தம் பாட்டில் கீழே ஓடின. சுண்ணாம்பு மண்ணுக்கு வழக்கமான சூத்திரங்களைப் போடக்கூடாது என்று உலகம் கற்றது பெரும்பாலும் அந்த ஒரு வேலையில்.

14.01.2025

பொங்கல் வாழ்த்து. இன்றைக்கு ஸ்பட்கான் இல்லை.

16.01.2025

நம்முடைய கல்லைப் பற்றி. கிணறு வெட்டினவர்களிடம் கேளுங்கள், பொறியியலாளர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேலே சில அடி வெடி வைத்தால்தான் உடைகிற கல், அப்புறம் அலவாங்கு தானே உள்ளே போகிற பொந்து, அப்புறம் மறுபடி கல். மழைத் தண்ணீர் பல்லாயிரம் வருஷமாகக் கரைத்த கல் இது. நிலாவரைக் கிணற்றின் அடியில் உப்புத் தண்ணீர் இருப்பதற்கும், கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதற்கும் காரணம் இந்தப் பொந்துகளும் வெடிப்புகளும்தான். கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்த பனியுகத்தில் பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. அந்தக் காலத்து மழை அங்கேயும் பெய்திருக்கும். ஆகவே கடலுக்கு அடியில் மட்டும் கல் பொந்தில்லாமல் இருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சரி, பொந்தே இல்லாத நல்ல கல் என்றால்? அதுவும் முழு நிம்மதி இல்லை. பாதம் புதையாது. கூர் மட்டும் கல்லில் நிற்கும், அல்லது பாதத்தின் ஒரு ஓரம் மட்டும் ஒரு மேட்டில் பட்டு மற்றப் பக்கம் வெறுமையாக நிற்கும். கால் வளையும். ஒவ்வொரு காலிலும் மூன்று தண்டுகள், பல்தண்டில் அவற்றின் உயர வித்தியாசத்தை அளந்துகொண்டே இருப்பார்கள், அதுதான் கால் வளைவதைக் காட்டும் நாடி. கல்லில் ஊன்றும்போது அந்த எண் நம்மைத் தூங்கவிடாது.

17.01.2025

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு எல்லா வகையிலும் மேல் என்று ஆகிவிடும். பாதம் மண்ணுக்குள் இருந்தால் மண் அதைத் திரும்பவிடாமல் ஓரளவு இறுக்கிப் பிடிக்கும். கடின மணலில் அந்தப் பிடி உண்மையில் நல்ல உதவி. நூறு மீட்டர் ஆழத்தில் நிற்கிற ஜக்கப் ஒருமுறை ஆடி வர ஐந்து முதல் எட்டு விநாடி எடுக்கும், கடல் அலைகளும் அந்தக் கால அளவுக்குக் கிட்ட வருகின்றன. பாதத்தின் பிடி கூடினால் ஆட்ட நேரம் குறைந்து அலையிலிருந்து விலகும். பழைய ஆட்கள் பாதத்தைச் சும்மா ஒரு கீல் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். இப்போது ஜக்கப்புக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ 19905-1 பிடியையும் கணக்கில் எடுக்கவிடுகிறது. நான் இன்றும் முதலில் கீல் என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் திறப்பேன். வயதுக் கோளாறு என்று வையுங்கள்.

19.01.2025

"இலங்கைக் கடலில் ஜக்கப் வருமா, எண்ணெய் இருக்கா, எங்களுக்கு வேலை கிடைக்குமா" என்று ஒரே மூச்சில் மூன்று. கடைசிக் கேள்விக்கு அரசியல்வாதியிடம் போங்கள்.

1974 இல் மன்னார்த் தீவில் பேசாலையில் துளையிட்டது தரையில். 2011 இல் கெய்ன் கம்பனி மன்னார்ப் படுகையில் டொராடோ, பரக்கூடா என்ற இரண்டு கிணறுகளில் வாயு கண்டது. அங்கே தண்ணீர் ஆயிரம் மீட்டருக்கு மேல், ஆகவே ஜப்பானின் சிக்கியூ என்ற துளையிடும் கப்பல் வந்தது. ஜக்கப்பின் கால் நூற்றைம்பது மீட்டர் அளவில் முடிந்துவிடும், அங்கே நினைக்கவே முடியாது.

பாக்கு நீரிணையில் எதிர்ப் பிரச்சினை. பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள், பல இடங்களில் அதிலும் குறைவு. பெரிய ஜக்கப் மிதக்கவே ஐந்தாறு மீட்டர் தண்ணீர் கேட்கும், பாதம் கீழே துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் கூட. ஆழம் குறைந்த இடத்தில் அடி தட்டாமல் கொண்டுபோவதே ஒரு வித்தை. அதோடு நீரோட்டம் பாதத்தைச் சுற்றி மணலை அரித்துக்கொண்டு போகும். ஊன்றிய அன்றைக்கு முழுப் பாதமும் மண்ணில், வாடைக்காற்று முடியும்போது பாதிப் பாதம் அந்தரத்தில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறந்துவிட்டு மிதவையை எவ்வளவு உயரத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்கவும் கூடாது.

23.01.2025

இறக்குவதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். எடுப்பதும் ஒரு வேலை. களியில் மாதக்கணக்காகப் புதைந்த பாதத்தை இழுத்தால் அடியில் உறிஞ்சல் பிடித்துக்கொள்ளும். மிதவையைக் கடலில் அமுக்கி, அதன் மிதப்பு விசையால் மெதுமெதுவாக இழுப்பார்கள். பாதத்தில் உள்ள குழாய்களால் அடியில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அவசரப்பட்டால் கால் போகும். ஆளுக்காள் சொந்தக் கடவுளைக் கூப்பிடும் நேரம் அது. ஒருமுறை ஒரு மலையாளி, ஒரு பிலிப்பினோ, நான், மூன்று பேரும் மூன்று தெய்வத்துக்கு நேர்ந்து வைத்தோம். எடுத்தது யார் என்று இன்னும் தீரவில்லை.

எடுத்தபின் கடலடியில் பள்ளம் நிற்கும். அடுத்த வருஷம் வேறொரு றிக் அதே இடத்தில் இருக்கும் நிலையான மேடைக்குப் பக்கத்தில் வரும். அதன் கால்களுக்கு இடையிலான தூரம் வேறு, பாதம் பழைய பள்ளத்தின் விளிம்பில் பட்டு உள்ளே சறுக்கும், மேடையை நோக்கியும் சறுக்கலாம். ஆகவே யார் எங்கே நின்றார்கள் என்ற பழைய கணக்கு மண் அறிக்கை அளவுக்குப் பெறுமதி. அதைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம்.

25.01.2025

எவ்வளவு ஆழம் துளை போட வேண்டும் என்று கேட்டவருக்கு: முப்பது மீட்டர், அல்லது பாதம் போகும் என்று நினைக்கிற ஆழத்துக்குக் கீழே பாத விட்டத்தின் ஒன்றரை மடங்கு, எது கூடவோ அது. கூம்பை அமுக்கி அளக்கும் சோதனையும் சேர்த்துச் செய்தால் மெல்லிய படைகள் தப்பாது. சுண்ணக்கல் என்றால் ஒவ்வொரு காலடியிலும் ஒரு துளை கேட்பேன். ஒரு காலுக்குக் கீழே இல்லாத பொந்து அடுத்த காலுக்குக் கீழே இருக்கும்.

27.01.2025

தம்பி 08 ஆம் திகதிக் கணக்கைத் திருப்பிச் செய்து போட்டிருக்கிறார். மூன்றுக்கு ஒன்று என்பதற்குப் பதில் ஐந்துக்கு ஒன்று விரிவு எடுத்திருக்கிறார், வழிகாட்டிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. அவருக்குப் பாதம் 16.4 மீட்டராக விரிகிறது, பரப்பு 211, விடை ஏறக்குறைய 3900 தொன். "எது சரி, அண்ணை?"

கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. அந்த 3900 ஐ றிக்கின் சொந்த எடையான 3800 க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கணக்குப்படி தண்ணீர் ஒரு சொட்டு ஏற்றுமுன்னரே, மிதவை கடலை விட்டுக் கிளம்புகிற நேரத்திலேயே கால் போகலாம். என் கணக்குப்படி பிறீலோட் நடுவில். மண் எந்தப் பக்கம் என்று கரையில் இருந்து யாரும் சொல்ல முடியாது. நானாக இருந்தால் றிக் தலைவருக்குக் கொடுக்கும் தாளில் இரண்டு எண்ணையும் போடுவேன். காலில் பாரம் 3500 தொன் ஆனதிலிருந்து மிதவையைத் தண்ணீரிலேயே வைத்து, ஒரு நேரத்தில் ஒரு காலுக்கு மட்டும் தண்ணீர் ஏற்றச் சொல்வேன். 5000 தாண்டி எல்லாக் காலும் அசையாமல் நின்றால் மணல் படை நாம் நினைத்ததைவிடத் தடிப்பு என்று அர்த்தம். அப்போதும் 6000 வரை போய்த்தான் ஆக வேண்டும்.

மண் அறிக்கையில் களி 30 என்று இருந்தால் 25 க்கும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடையை இங்கே போடுங்கள்.